நட்ட பயிர் பச்சை பிடிக்கும் வரை

நாற்றங்காலில் செழித்து நின்ற நாற்றைப் பறித்து, முடி கட்டிச் சுமந்து சென்று, சேற்று வயலில் நட்டு முடித்த மறுவாரம் நம் தஞ்சைத் தரணியில் எந்த வயலையேனும் சென்று பாருங்கள். நட்ட அன்று இருந்த பசுமை அங்கே இராது. பயிர் வெளிறித் தலைசாய்ந்து, பிழைக்குமோ பிழைக்காதோ என்று ஐயுறும்படி நிற்கும். சில நாள் கழித்து மடைவாய் ஓரத்துப் பயிர் நிமிரும். மேட்டுப் பக்கத்துப் பயிரோ இன்னும் மஞ்சளாகவே இருக்கும். ஒரே நாளில் ஒரே வயலில் நட்டதுதான். ஆனாலும் ஒன்றுபோல் பச்சை பிடிப்பதில்லை. அதைக் கண்டு எந்த உழவரும் வயலை அழித்து மறுநடவு போடப் புறப்படுவதில்லை. பொறுத்திருப்பார். ஆனால் வீட்டில் படுத்துக்கொண்டு பொறுத்திருப்பதில்லை. நாள்தோறும் வரப்பில் நடந்து, தண்ணீர் நிற்கிறதா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்த்தபடியே பொறுத்திருப்பார்.

இந்தப் பொறுமையும் இந்த விழிப்பும் மனித உடலுக்கும் வேண்டியவை என்பதை ஒரு நிகழ்ச்சி நமக்கு உணர்த்தியது. அது மார்பக அறுவைச் சிகிச்சையைப் பற்றியது. குடும்பங்கள் படிக்கும் ஏட்டில் இதைப் பேசலாமா என்று நாமும் சிறிது தயங்கினோம். ஆனால் பேசத் தயங்கியதனாலேயே ஒரு பெண்மணி பெருந்துன்பத்திற்கு ஆளாக இருந்தார் என்பதை அறிந்தபின், மௌனம் காப்பது முறையன்று என முடிவு செய்தோம்.

ஒரு குடும்பத்தில் நடந்தது

ஊரும் பேரும் வேண்டா. காவிரிப் பாசனத்துச் சிற்றூர் ஒன்றில் ஆறு மா நிலத்தைச் சாகுபடி செய்து வாழும் குடும்பம். அவ்வீட்டு மருமகள் தையல் தொழில் செய்பவர். பங்குப் பாடற்குழுவில் பாடுபவர். பருவ வயது முதலே அவருக்கு மார்பகங்கள் அளவு கடந்து பெருத்திருந்தன. இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் பாரம் இன்னும் கூடியது. கழுத்திலும் முதுகிலும் ஓயாத வலி. உள்ளாடைப் பட்டை அழுந்தித் தோளில் பள்ளம். கோடைதோறும் மடிப்பில் வியர்வைப் புண். குனிந்து தைக்க இயலாமற்போன நாளில், மருத்துவரின் அறிவுரைப்படி சென்னையிலுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் அளவைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்.

சிகிச்சை முடிந்து இரண்டு வாரத்தில் ஊர் திரும்பினார். கழுத்து வலி குறைந்திருந்தது. ஆனால் ஆறாம் வாரம் கண்ணாடி முன் நின்றபோது அவர் உள்ளம் உடைந்தது. இடப்புறம் மேலேறி, வீங்கி, கல்போல் இருந்தது; வலப்புறம் தாழ்ந்து தட்டையாக இருந்தது. அதற்கும் மேலாக, வலப்புறத்துத் தையல்கள் கூடும் இடத்தில் சுண்டைக்காய் அளவில் புண் ஒன்று வாய் திறந்து கசிந்துகொண்டிருந்தது.

“ஆண்டவர் கொடுத்த உடம்பில் கைவைத்தாய், அதற்குத்தான் இந்தத் தண்டனை” என்று மாமியார் ஒரு சொல் சொல்லிவிட்டார். அச்சொல் அறுவைக் கத்தியைவிட ஆழமாக இறங்கியது. அந்தப் பெண் பாடற்குழுவிற்குச் செல்வதை நிறுத்தினார். மறுபரிசோதனைக்குக் குறித்த நாள் வந்தது; இரயில் கட்டணத்தைக் காரணம் காட்டி அதையும் தவிர்த்தார். கணவரிடமும் காட்டாமல் புண்ணில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசி, முந்தானையால் மறைத்து நடமாடினார்.

பங்கு மருந்தகத்தில் பணிபுரியும் முதிய கன்னியர் ஒருவர் ஒருநாள் வீடு தேடி வந்தார். “சிஸ்டர், எல்லாம் கெட்டுவிட்டது. ஒன்று மேலே, ஒன்று கீழே. இனி யாரிடம் காட்டி என்ன பயன்?” என்று அழுதார் அப்பெண்.

புண்ணைப் பார்த்து, தூய்மை செய்து கட்டியபடியே கன்னியர் கேட்டார்: “நீ நடவுக்குப் போனவள்தானே அம்மா? நட்டுப் பத்து நாளில் வயலைப் பார்த்துக் கண்டுமுதல் இவ்வளவு என்று யாராவது சொல்வார்களா? மேலே கீழே இருப்பதற்குக் காத்திருக்கலாம். ஆனால் இந்தக் கசிவுக்கு ஒருநாளும் காத்திருக்கக்கூடாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டாய். உன் மாமியாரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நாளைக்கே புறப்படு.”

மறுநாளிரவே கணவரும் மனைவியும் சென்னை இரயிலேறினர். மருத்துவர் புண்ணைச் சோதித்தார். நோய்த்தொற்று தொடங்கியிருந்தது, ஆனால் ஆழத்திற்குப் பரவவில்லை. மருந்தும் மூன்று வாரக் கட்டும் போதுமென்றார். ஏற்ற இறக்கத்தைப் பற்றிக் கேட்டபோது, கழுத்துக் குழியிலிருந்து நாடா வைத்து இருபுறமும் அளந்து, சிகிச்சைக்கு முன் குறித்து வைத்த அளவுகளோடு ஒப்பிட்டார். இடப்புறமே முன்பு பெரிதாக இருந்தது. அங்கேதான் அதிகத் தசை எடுக்கப்பட்டது. ஆகவே அங்கே வீக்கமும் அதிகம். “ஆறு திங்கள் முடியட்டும், அதன்பின் பேசுவோம்” என்று அனுப்பி வைத்தார்.

எல்லார்க்கும் பொதுவான உண்மை

இறைவன் படைத்த எந்தப் பெண்ணுக்கும் இரு மார்பகங்களும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருப்பதில்லை. அளவிலோ உயரத்திலோ சிறிது வேறுபாடு இருப்பதே இயற்கை. அறுவைக்கு முன் அதை நாம் பொருட்படுத்துவதில்லை. அறுவைக்குப் பின்னரோ நாள்தோறும் கண்ணாடியில் அளக்கத் தொடங்குகிறோம்.

கத்தி பட்ட இடத்தில் வீக்கம் வருவது இயல்பு. முதல் மூன்று நான்கு நாட்களில் அது உச்சத்தை எட்டி, பின்னர் வாரக்கணக்கில் மெல்ல வடியும். உள்ளே ஆழத்தில் உள்ள வீக்கம் முற்றும் மறையப் பல திங்கள் ஆகும். திசுக்களில் தேங்கும் நீரை வடித்துச் செல்லும் நுண்ணிய நிணநீர்க் குழாய்கள் அறுவையில் அறுபடுகின்றன. அவை மீண்டும் வழி கண்டுகொள்ளும் வரை, தூர்ந்த வாய்க்காலில் நீர் நிற்பதுபோல் நீர் தேங்கும். எடுக்கப்பட்ட தசையின் அளவு, உறங்கும் பக்கம், அதிகம் உழைக்கும் கை ஆகியவற்றைப் பொறுத்து ஒரு பக்கம் முந்தியும் ஒரு பக்கம் பிந்தியும் வடியும்.

அளவைக் குறைக்கும் சிகிச்சையில் பெரும்பாலும் நங்கூர வடிவில் தையல் இடுவார்கள். தொடக்கத்தில் மேற்பகுதி புடைத்தும் கீழ்ப்பகுதி தட்டையாகவும் தோன்றும். தோல் இளகி இயல்பான வடிவம் வர மூன்று முதல் ஆறு திங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டு வரை செல்லும். நங்கூரத்தின் கோடுகள் கூடும் முனையில் இரத்த ஓட்டம் குறைவு. ஆதலால் அங்கே சிறு புண் திறப்பது பலருக்கும் நேர்வதே. அது அவமானத்திற்குரியதன்று, ஆனால் மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

சிலிக்கோன் உறை வைத்துப் பெரிதாக்கும் சிகிச்சையில், உறையின் மேல் மார்புத் தசை இறுக்கிப் பிடிப்பதால் அது முதலில் உயரத்தில் நிற்கும். தசை தளரத் தளர மெல்லக் கீழிறங்கும். இருபுறமும் ஒரே நாளில் இறங்குவதில்லை. தழும்புகளும் அவ்வாறே: முதல் சில திங்கள் சிவந்து தடித்திருந்து, ஓராண்டு ஒன்றரை ஆண்டில் மங்கும். ஆகவேதான், வேறுபாட்டைத் திருத்த மறு அறுவை தேவையா என்பதைக் குறைந்தது ஆறு திங்களாவது கழியாமல் மருத்துவர்கள் பொதுவாக முடிவு செய்வதில்லை.

எப்போது பொறுத்திருக்கலாகாது?

பொறுமை என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று கண்டாலும் காலம் தாழ்த்தலாகாது.

முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் விரைவாக வீங்கி, விறைத்து, கடுமையாக வலித்தால் உள்ளே இரத்தக் கட்டு இருக்கக்கூடும். அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, சூடு, சீழ், துர்நாற்றம் ஆகியவை நோய்த்தொற்றின் அடையாளங்கள். காம்பின் நிறமோ அதைச் சூழ்ந்த தோலின் நிறமோ கறுத்து வருவதும் உடனே காட்டத்தக்கது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறி நெஞ்சு வலித்தாலோ இரத்தக் குழாயில் கட்டி உருவாகியிருக்கலாம். 108 அவசர ஊர்தியை அழைக்கத் தயங்கவே கூடாது. சென்னைக்குப் போக இயலவில்லையே என்று வீட்டில் இருந்துவிட வேண்டா. அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, அறுவை செய்த மருத்துவமனையின் சீட்டைக் காட்டலாம்.

உறை வைத்துக்கொண்டவர்கள் இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். உறை என்பது ஆயுள் முழுவதற்குமான பொருளன்று. கிழியலாம், சுற்றிலும் தழும்பு இறுகலாம். அமெரிக்க அரசு 1992இல் சிலிக்கோன் உறைகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி, 2006இல்தான் மீண்டும் பொதுவாக அனுமதித்தது. பிரான்சு நாட்டின் ஒரு நிறுவனம் தொழிற்சாலைச் சிலிக்கோனை உறையில் அடைத்து விற்றது 2010இல் வெளியாயிற்று. மேற்பரப்பு சொரசொரப்பான ஒருவகை உறை, அரிதாகத் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுடன் தொடர்புடையதெனக் கண்டு 2019இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. ஆதலால் ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், “பழைய வீக்கந்தானே” என்று இருந்துவிடாமல் சோதித்துக்கொள்ள வேண்டும்.

செல்வர்க்கு மட்டும் உரியதன்று

இவையெல்லாம் நகரத்துச் செல்வர் பேச்சு எனச் சிலர் எண்ணக்கூடும். 1895ஆம் ஆண்டிலேயே செர்மனியின் செர்னி என்னும் அறுவை மருத்துவர், மார்பகக் கட்டியை அகற்றிய ஒரு பெண்ணுக்கு, அவர் உடலிலேயே வேறிடத்திலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அந்தக் குழியை நிரப்பினார். இருபுறமும் வேறுபட்டுத் தோன்றலாகாது என்பதே அவருடைய நோக்கம். சிலிக்கோன் உறையை முதன்முதலில் பொருத்தியது 1962இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில்.

நம் மாநிலத்தில், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், 2018 பிப்ரவரித் திங்களில் மார்பக ஒட்டறுவைச் சிகிச்சையை ஏழை எளியவர்க்கும் இலவசமாக அளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிட்டலாகாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் கேட்டார், அரசு கைகொடுக்காவிடில் மக்கள் கடன்பட்டோ ஆபத்தான வழிகளிலோ அதை நாடுவர் என்றார். உயிர்காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாத நிலையில் இது தேவையா என்று பொதுச் சுகாதாரத் துறையில் அனுபவம் மிக்கோர் எதிர்த்துக் கேட்டதும் உண்டு. இரு பக்கத்திலும் சிந்திக்கத்தக்க நியாயம் இருக்கிறது. ஆனால் தோள்வலியும் முதுகுவலியும் தாளாமல் வருபவர், இருபுறமும் பெரிதும் வேறுபட்டதனால் மனம் நொந்து வருபவர், புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர் ஆகியோரும் இதே வாசலில்தான் நிற்கின்றனர் என்பதை நாம் மறக்கலாகாது.

திருச்சபை என்ன சொல்கிறது?

“ஆண்டவர் கொடுத்ததைத் திருத்தலாமா?” என்னும் கேள்வி புதிதன்று. 1958 அக்டோபர் 4ஆம் நாள், இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர் மாநாட்டினருக்குப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் இதைக் குறித்தே உரையாற்றினார். ஐந்தாம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர்தம் இறுதிப் போதனைகளுள் இதுவும் ஒன்று. உடல் அழகு ஒரு நன்மையே, இறைவனின் கொடையே. ஆயினும் அதனினும் மேலான நன்மைகளுக்கு அது கீழ்ப்பட்டது என்றார். நோக்கம் நேர்மையானதாய், உடல்நலத்திற்குப் பேரிடர் இல்லாததாய், காரணம் தகுந்ததாய் இருப்பின் இத்தகைய சிகிச்சை குற்றமாகாது. பிறரைத் தீய வழியில் மயக்கும் நோக்கத்தோடு செய்துகொள்வதோ தவறு என்று தெளிவுபடுத்தினார். ஆகவே இதைத் தண்டனை என்று தீர்ப்பிட நமக்கு அதிகாரமில்லை.

பிப்ரவரி 5ஆம் நாள் நாம் விழாக் கொண்டாடும் புனித ஆகத்தம்மாள், விசுவாசத்திற்காக மார்பகங்கள் அறுக்கப்பட்டு, சிறையில் புனித இராயப்பரால் குணம் பெற்றார் என்பது மரபு. மார்பக நோயுற்றோர்க்கு அவரே பாதுகாவலி. மறைக்க வேண்டிய வெட்கம் என்று நாம் எண்ணும் துன்பத்தைத் திருச்சபை பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறது.

மாற்கு நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தையும் எண்ணிப் பாருங்கள். பெத்சாயிதாவில் ஆண்டவர் ஒரு குருடனைத் தொட்டபோது அவன் உடனே முழுப்பார்வை பெறவில்லை. மனிதர் மரங்களைப்போல் நடமாடக் கண்டான். ஆண்டவர் இரண்டாம் முறையும் கைவைத்தபின்னரே யாவும் தெளிவாயின. அரைகுறைப் பார்வையோடு அவன் ஓடி ஒளிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உள்ளதை உள்ளபடி சொன்னான், மீண்டும் தொடப்பட்டான். மருத்துவரிடம் செல்லும் நோயாளிக்கும் இதுவே முன்மாதிரி.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

மருத்துவர் வேறு சொன்னாலன்றி, முதல் நான்கு முதல் ஆறு வாரம் அப்பெண் தண்ணீர்க் குடம் சுமக்கலாகாது, அடிபம்பு அடிக்கலாகாது, நடவு, அறுவடை, மாவாட்டுதல் ஆகியவற்றில் ஈடுபடலாகாது. வேலை செய்யும் பக்கமே அதிகம் வீங்கும். தாங்கும் உள்ளாடையை மருத்துவர் சொன்ன காலம் வரை இரவும் பகலும் அணிய வேண்டும். தையலில் மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதுவும் பூச வேண்டா. வெந்நீர் ஒத்தடமும் வேண்டா. அறுவைக்குப் பின் தோலில் உணர்வு மரத்திருப்பதால் சுடுவது தெரியாமல் வெந்துபோகும். நீரிழிவு உள்ளவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். இரத்தசோகை உள்ளவர்க்குச் சத்துணவு வேண்டும். புகைப்பழக்கம் காயம் ஆறுவதைக் கெடுக்கும். கணவர் பீடி சிகரெட்டை வீட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதோடு நில்லாது விட்டொழிப்பதே அழகு.

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், கண் நோயாளிகளின் நிலையைக் கண்ணின் ஓவியங்களோடு குறிப்பெழுதி வைத்தது இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளது. அரண்மனையில் நடந்ததை நாமும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் செய்யலாம். வாரம் ஒருமுறை நாளைக் குறித்து, வலி, வீக்கம், கசிவு ஆகியவற்றை எழுதி மறுபரிசோதனைக்கு எடுத்துச் செல்க. நாள்தோறும் கண்ணாடியில் அளப்பதைவிட அது நூறு மடங்கு பயன்தரும். மறுபரிசோதனை நாளை எக்காரணம் கொண்டும் தவறவிடலாகாது; அதற்கான இரயில் செலவையும் சிகிச்சைச் செலவோடு சேர்த்தே முன்கூட்டி ஒதுக்கி வையுங்கள்.

எல்லாவற்றிலும் மேலாக, நாவைக் காத்துக்கொள்வோம். “இப்படி ஆகிவிட்டதே” என்னும் ஒரு சொல், ஒரு பெண்ணை மருத்துவரிடமிருந்தும் ஆலயத்திலிருந்தும் விலக்கிவிட வல்லது.

மீண்டும் அந்த வீட்டில்

நாம் சொல்லத் தொடங்கிய பெண்மணியின் புண் மூன்று வாரத்தில் ஆறியது. ஆறாம் திங்களில் வீக்கம் பெரும்பாலும் வடிந்து, இருபுறமும் ஏறக்குறைய ஒன்றாயின. முற்றும் ஒன்றாகவில்லை, இடப்புறம் இன்றும் ஒரு விரற்கடை உயரந்தான். ஓராண்டு முடிவில், விரும்பினால் திருத்தலாம் என்றார் மருத்துவர். “கழுத்து வலி போயிற்று, தையல் எந்திரத்தில் உட்கார முடிகிறது, எனக்கு இது போதும்” என்று சொல்லித் திரும்பிவிட்டார். வேறொருவர் திருத்திக்கொள்ள எண்ணியிருந்தாலும் அதில் பிழையில்லை. தீர்மானம் உரிய காலத்தில், தெளிந்த மனத்தோடு எடுக்கப்பட்டது என்பதே முக்கியம்.

கன்னியர் சொல்லை மாமியார் மறுக்கவில்லை. அன்று முதல் தண்ணீர்க் குடத்தை அவரே எடுத்து வைக்கிறார்; ஆறு வாரக் கெடு முடிந்து ஆண்டு கடந்தும் அந்த வழக்கத்தை விடவில்லை. இவ்வாண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பெருவிழாவிற்கு வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு சென்றனர். நேர்த்திக்கடனாக வெள்ளியில் கை, கால், கண் உருவங்களைப் பலர் மாதாவின் பாதத்தில் வைப்பதைக் கண்டிருப்பீர்கள். எதைக் காணிக்கை வைப்பதென்று மருமகள் கூசி நின்றபோது, மாமியாரே அவர் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்து, “அவங்களுக்குத் தெரியும் அம்மா” என்றாராம்.

நம் பங்குகளில் இத்தகைய துன்பத்தை முந்தானைக்குள் மறைத்து வாழும் சகோதரிகள் இன்னும் எத்தனை பேரோ! அவர்கள் வாய்திறந்து பேசவும், அஞ்சாமல் மருத்துவரை நாடவும், பொறுமையோடு குணமடையவும் நம் இல்லங்கள் இடமளிக்கட்டும். ஆரோக்கிய அன்னை அவர்களுக்குத் துணை நிற்பாராக.